உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியை எங்கே காணலாம்? படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: படுவான்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் 7 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் மழை விட்டிருந்த ஒரு காலையில், எப்போதும் பின்வரிசையில் அமர்ந்து அதிகம் பேசாத மாணவி ஒருத்தி, கொப்பித் தாள் ஒன்றை மடித்து அதனுள் எதையோ பொத்தியபடி வந்து என் மேசையில் வைத்தாள். விரித்துப் பார்த்தபோது உள்ளே இறந்துபோன வண்ணத்துப்பூச்சி ஒன்று இருந்தது. ஓர் உணர்கொம்பை எறும்பு தின்றிருந்ததைத் தவிர அது முழுமையாகவே இருந்தது. கறுப்புச் சிறகு, பின்பாதி முழுவதும் வெளிர் நீலம், அந்த நீலத்தின் மேல் வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். அடிமட்டத்தை வைத்து அளந்தோம். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை 13 சென்ரிமீற்றர் இருந்தது. தொட்ட விரலில் மாவைப் போலச் செதில்கள் ஒட்டிக்கொண்டன.

"டீச்சர், இதைவிடப் பெரியது உலகத்தில் இருக்கிறதா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்று சொன்னேன். அது எது, எங்கே வாழ்கிறது, நாம் போய்ப் பார்க்க முடியுமா என்ற அடுத்த கேள்விகளுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றிரவு முகநூலில் தேடியபோது ஒரே படத்துக்கு மூன்று நாடுகளின் பெயர்கள் போடப்பட்டிருந்தன. ஆகவே விடயம் அறிந்தவர்களிடம் கேட்பதே நல்லது என்று இங்கு எழுதுகிறேன். உலகில் மிகப் பெரியவை எவை, அவற்றை உயிருடன் எங்கே காணலாம், பெரும் பணம் செலவழிக்க இயலாத எங்கள் பிள்ளைகள் இலங்கைக்குள்ளேயே எதைப் பார்க்கலாம் என்பவற்றை அறிய விரும்புகிறேன். இன்னொன்றும் உண்டு. கண்ணாடிச் சட்டத்தில் பதித்த பெரிய வண்ணத்துப்பூச்சிகளை இணையத்தில் ஒருவர் விற்பதாகப் பெற்றோர் ஒருவர் சொன்னார். பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒன்றை வாங்கலாமா?

பதில் 1: கல்லோயாக் கரையோன், அம்பாறை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கொண்டுவந்தது புளூ மோமன் என்று அழைக்கப்படும் வண்ணத்துப்பூச்சி. நீலமும், அதன் மேலுள்ள கறுப்புப் பொட்டுகளும், 13 சென்ரிமீற்றர் அகலமும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இலங்கை வண்ணத்துப்பூச்சிகளுள் அளவில் இரண்டாம் இடம் அதற்குத்தான். இந்த நாட்டில் அதைவிடப் பெரியது ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உலகில் முதலிடம் குயின் அலெக்ஸாண்ட்ரா பேர்ட்விங் என்னும் இனத்துக்குரியது. பறவையின் சிறகை ஒத்த நீண்ட முன்சிறகுகளைக் கொண்டிருப்பதால் அந்தக் கூட்டத்துக்கே பேர்ட்விங் என்ற பெயர் ஏற்பட்டது. இதன் பெண் சிறகை விரித்தால் 25 முதல் 28 சென்ரிமீற்றர் வரை இருக்கும்; உங்கள் வகுப்பிலுள்ள 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தின் மேல் அதை வைத்தால் இரு ஓரங்களிலும் ஒரு விரல் இடம்தான் மிஞ்சும். உடல் மட்டும் 8 சென்ரிமீற்றர் நீளம், எடை 12 கிராம் வரை. பெண்ணின் நிறம் கபிலம், அதில் வெண்மஞ்சள் திட்டுகள். ஆண் அளவில் குறைந்தது, ஆனால் நீலமும் பச்சையுமாக மின்னும் சிறகும் பளிச்சென்ற மஞ்சள் வயிறும் கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகநூலில் நீங்கள் கண்ட குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த இனம் வெளியுலகுக்குத் தெரியவந்த விதத்தைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 1906 ஆம் ஆண்டில் அல்பேர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் நியூ கினித் தீவில், மர உச்சியில் பறந்துகொண்டிருந்த பெண் ஒன்றைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தித்தான் கையில் எடுத்தார். வலைக்கு எட்டாத உயரத்தில் பறப்பது அதன் இயல்பு. அடுத்த ஆண்டு வோல்ட்டர் றொத்ஸ்சைல்ட் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து, பிரித்தானிய அரசர் ஏழாம் எட்வேர்டின் மனைவியான அலெக்ஸாண்ட்ரா அரசியின் பெயரைச் சூட்டினார். சன்னம் துளைத்த அந்தப் பூச்சி இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அது வாழும் இடம் உலகில் ஒன்றே ஒன்றுதான்: பப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில், பொப்பொண்டெட்டா நகரைச் சூழவுள்ள காடுகளும் அதற்கு அப்பாலுள்ள மனகலாஸ் மேட்டுநிலமும். 1951 சனவரியில் லமிங்டன் எரிமலை வெடித்தபோது ஏறத்தாழ 3000 மக்கள் உயிரிழந்தனர். இந்தப் பூச்சி வாழ்ந்த காட்டில் ஒரு பெரும் பரப்பும் அதனுடன் அழிந்தது. எரிமலை விட்டுவைத்ததைப் பின்னர் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் குறைத்தன. தலைநகர் போட் மோர்ஸ்பியிலிருந்து விமானத்தில் பொப்பொண்டெட்டா வரை செல்லலாம். ஆனால் அங்கே காடு அரசாங்கத்தின் கையில் இல்லை, குலங்களின் கையில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் அனுமதித்து அழைத்துச் சென்றால்தான் உள்ளே போக முடியும். போனாலும், அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் மரத்தலைகளுக்கு மேல் பறக்கும் ஒன்றை அண்ணாந்து பார்ப்பதுதான் கிடைக்கும். இரண்டாமிடத்துக்குரிய கோலியாத் பேர்ட்விங்கும் அதே தீவில் வாழ்கிறது. ஆபிரிக்க மழைக்காடுகளின் ஆன்டிமகஸ் 18 முதல் 23 சென்ரிமீற்றர் வரை அகலமுள்ளது. அமெரிக்கக் கண்டங்களுள் மிகப் பெரியது ஜமேக்காவின் மலைகளில் எஞ்சியிருக்கும் ஹோமரஸ்.

நான் சொல்ல விரும்பும் முக்கிய விடயம் இதுதான். பேர்ட்விங் ஒன்றைக் காண விரும்புபவர் முதலில் தேடவேண்டியது ஒரு கொடியை. இந்தக் கூட்டத்தின் புழுக்கள் எல்லாம் அரிஸ்டலோக்கியா குடும்பத்துக் கொடிகளைத்தான் தின்கின்றன. நம் நாட்டில் ஈஸ்வரமூலி என்று அழைக்கப்படும் கொடி அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்த இலையிலுள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதையும், பின்னர் அதிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சியையும் தவிர்க்கின்றன. கொடி இல்லாத காட்டில் எத்தனை பூக்கள் இருந்தாலும் பேர்ட்விங் இராது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் மிகப் பெரியது சிலோன் பேர்ட்விங். உலகில் இந்தத் தீவில் மட்டுமே வாழ்வது, நமது தேசிய வண்ணத்துப்பூச்சியும் அதுவே. சிறகின் அகலம் 16 முதல் 18 சென்ரிமீற்றர் வரை. முன்சிறகு கறுப்பு, பின்சிறகு பொன்மஞ்சள். மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளிகள் அதற்கு மிகவும் வறண்டவை. சிங்கராஜா வனம், கித்துல்கல, நக்கிள்ஸ் மலைச்சாரல், கண்டி உடவத்தகலைக் காடு ஆகியவைதான் அதற்குரிய இடங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எனக்கு உடவத்தகலையே பொருத்தமாகத் தோன்றுகிறது. மகாஓயா, மகியங்கனை ஊடாகப் பதினெட்டு வளைவு ஏறி வரும் வீதி உங்களைக் கண்டியிலேயே கொண்டுபோய் விடும். காடும் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, வெயில் மரத்தலைகளில் விழத் தொடங்கிய பின்னர் மேலே பாருங்கள். நான் முதலில் கண்டபோது காற்றில் உதிர்ந்து சுழலும் பழுத்த பலா இலை என்றுதான் நினைத்தேன். இலை கீழே இறங்காமல் மேலே ஏறத் தொடங்கியபோதுதான் அது என்னவென்று விளங்கியது.

சட்டத்தில் பதித்ததை வாங்கவேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். இலங்கையில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வண்ணத்துப்பூச்சிகளையும் காக்கிறது. 2024 மே மாதத்தில் யால பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு இத்தாலியர் கைதாகி, பின்னர் அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. குயின் அலெக்ஸாண்ட்ராவைப் பொறுத்தவரை சர்வதேச வணிகமே முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

பதில் 2: அக்கரைப்பற்று வாசகர்

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் மீது சாந்தி நிலவட்டும். நான் சில ஆண்டுகள் மலேசியாவில் தொழில் செய்தவன். முன்னைய பதிலில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெரிய பேர்ட்விங் ஒன்றை மரத்தலையில் அண்ணாந்து பார்க்காமல், தரையில் நின்றபடி, கூட்டமாகக் காணக்கூடிய இடம் எனக்குத் தெரிந்தவரை மலேசியாதான்.

அங்குள்ள இனத்தின் பெயர் ராஜா புரூக் பேர்ட்விங். 1855 இல் இயற்கையியலாளர் அல்ஃபிரட் ரசல் வொலஸ் அதற்குச் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்தார். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியும் அதுவே. அகலம் 15 முதல் 17 சென்ரிமீற்றர் வரை. ஆகவே நம் சிலோன் பேர்ட்விங்கை விடப் பெரியதென்று சொல்ல முடியாது. கன்னங்கரிய சிறகில் பற்களை அடுக்கியது போன்ற பச்சை வரிசை, கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டை. பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் என்னும் சிற்றூருக்கு அப்பால் உலு கெரோ என்ற பழங்குடிக் கிராமம் இருக்கிறது. அதன் அருகே வெந்நீர் ஊறும் ஈரமண்ணில் ஆண்பூச்சிகள் உப்பும் தாதும் உறிஞ்சுவதற்காக இறங்குகின்றன. செமாய் இனத்தைச் சேர்ந்த ஊர்மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள்.

நான் சென்ற காலையில் சேற்றில் ஏறத்தாழ நாற்பது பூச்சிகள் சிறகுகளை மடித்தும் விரித்தும் நின்றன. ஒவ்வொன்றும் சேற்றில் உறிஞ்சியபடியே பின்புறத்தால் நீர்த்துளிகளைப் பீச்சி வெளியேற்றிக்கொண்டிருந்ததை அருகில் குந்தியிருந்து பார்த்தேன். நீர் வெளியே போகிறது, உப்பு உடலில் தங்கிவிடுகிறது என்று வழிகாட்டி விளக்கினார். எங்களுள் ஒருவர் படம் எடுக்க ஓர் அடி முன்னே வைத்ததும் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. அவ்வளவு அமைதியான இடத்தில் சிறகுகளின் சரசரப்பு காதில் விழுந்தது. பெண்பூச்சிகள் அங்கே இறங்குவது மிக அரிது. அவை காட்டின் உயரத்திலேயே இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு அல்லது கேரளாவுக்கு யாத்திரை செல்பவர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். இந்தியாவில் நெடுங்காலம் மிகப் பெரியதாகக் கொள்ளப்பட்டது மேற்குத் தொடர்ச்சி மலையின் சதர்ன் பேர்ட்விங். 1932 இல் பதிவான அதன் 190 மில்லிமீற்றர் அளவை, உத்தரகாண்டில் அளக்கப்பட்ட கோல்டன் பேர்ட்விங் பெண் ஒன்று 194 மில்லிமீற்றருடன் 2020 இல் முந்தியது. ஆனால் பேர்ட்விங் ஒன்றைத் தேடி இமயமலைவரை போகவேண்டியதில்லை. வயநாட்டுப் பக்கம் போகிறவர்கள் காலையில் தேநீர்க் கடை வாசலில் நின்றே சதர்ன் பேர்ட்விங்கைக் காணலாம்.

பதில் 3: கல்முனையில் பிறந்து மெல்பேர்னில் வாழ்பவர்

ஆசிரியை அக்கா அவர்களுக்கு வணக்கம். அவுஸ்திரேலியாவில் உறவினர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். இந்த நாட்டின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி கெய்ன்ஸ் பேர்ட்விங். பெண்ணின் அகலம் 18 சென்ரிமீற்றர் வரை. குயின்ஸ்லாந்தின் வடக்கே கெய்ன்ஸ் நகரின் பூங்காக்களில்கூடப் பறக்கும். உறுதியாகக் காண விரும்பினால், மலைமேல் உள்ள குரண்டா என்ற ஊரில் 1987 முதல் நடைபெறும் வண்ணத்துப்பூச்சிச் சரணாலயத்துக்குச் செல்லலாம். வெள்ளை, சிவப்பு உடைகளில் அவை வந்து அமரும் என்று சொன்னார்கள். என் இளைய மகள் சிவப்புத் தொப்பி அணிந்திருந்தாள். பெண்பூச்சி ஒன்று அதில் வந்து அமர்ந்து சில நிமிடம் அசையாமல் இருந்தது. அதைத் தட்டாமல் எடுக்க என் விரலை நீட்டியபோது, ஆறு கால்களும் தோலைப் பற்றிய பிடியை உணர்ந்தேன். சிறு கொக்கிகளால் பிடித்தது போன்ற உறுதி அதில் இருந்தது.

சிங்கப்பூர் வழியாகப் பயணம் செய்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில், கடவுச்சீட்டுச் சோதனையைக் கடந்த உட்பகுதியிலேயே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் ஒன்று கட்டணமின்றித் திறந்திருக்கிறது. அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் பகல் நேரத்தில் போங்கள். இரவில் அவை இலைகளுக்கு அடியில் உறங்கிவிடும்.

முதற்பதில் எழுதிய அண்ணன் கொடியைத் தேடுங்கள் என்றார். அதனுடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கவேண்டும். இங்கு ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற இன்னோர் இனம் அருகிப்போனதற்கு ஒரு காரணம், அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அரிஸ்டலோக்கியாக் கொடி. தாய்ப்பூச்சி அதன் மணத்தால் ஏமாந்து அதில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழுக்கள் அந்த இலையைத் தின்று இறந்துபோகின்றன. ஆகவே புகைபிடிக்கும் குழாய் போன்ற பெரிய பூக்களைக் கொண்ட வெளிநாட்டுக் கொடியை நாற்றுமேடையில் கண்டு, வண்ணத்துப்பூச்சி வரும் என்று நம்பி யாரும் வாங்கவேண்டாம்.

பதில் 4: ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், களுவாஞ்சிகுடி

மகளுக்கு அன்பு வணக்கம். பப்புவா, மலேசியா, அவுஸ்திரேலியா எல்லாம் படித்தேன், மிகப் பயனுள்ளவை. ஆனால் உங்கள் பிள்ளைகள் நாளை காலையே பார்க்கக்கூடிய ஒன்று வேலியில் இருக்கிறது. கிரிம்சன் ரோஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியை நம் கரையோரத்தில் பார்க்காதவர் இல்லை: கறுப்புச் சிறகு, முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள், உடலின் பெரும்பகுதி குங்குமச் சிவப்பு. இதன் புழுவும் ஈஸ்வரமூலியைத்தான் தின்கிறது, ஆடுதீண்டாப்பாளையையும் தின்னும். அதாவது குயின் அலெக்ஸாண்ட்ராவுக்கு இது நெருங்கிய உறவு. புழுவைப் பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இருப்பது போலவே, இதன் கரிய உடலிலும் சிவந்த முட்கள் போன்ற சதைக் கூம்புகள் வரிசையாக நிற்கும், இவை குத்துவதில்லை. ஈர்க்குக் குச்சியால் கழுத்துப் பக்கம் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவடுபட்ட ஒரு கொம்பு நீண்டு, கெட்ட வாடையை வீசிவிட்டு மீண்டும் உள்ளே போய்விடும்.

என் வீட்டில் ஈஸ்வரமூலிக் கொடி ஒன்று கிணற்றடி வேலியில் படர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர், இலையெல்லாம் ஓட்டையாகிவிட்டது என்று நானே அதற்கு மருந்து அடித்தேன். மறுநாள் காலையில் வேலியடியில் சுருண்டு கிடந்த புழுக்களைக் கூட்டி அள்ளும்போதுதான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. விவசாயம் சொல்லிக்கொடுத்தவன் நான், அதை இன்றும் மறக்கமுடியவில்லை. அதன்பின் அந்தக் கொடிக்கு மருந்து அடித்ததில்லை. கொடி எத்தனை முறை மொட்டையானாலும் அடுத்த மழைக்குத் தளிர்த்துவிடுகிறது.

புளூ மோமனுக்குத் தேசி, தோடை போன்ற மரங்கள் போதும். அதன் பெண் வந்து இலைகளில் ஒவ்வொரு முட்டையாக இடும். முதல் சில நாட்களுக்குப் புழு, இலையில் விழுந்த பறவை எச்சம் போலவே இருக்கும்; பிள்ளைகளிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், சிறுவர்களின் கண்ணுக்குத்தான் அது முதலில் படும். கறிவேப்பிலையில் கிடைப்பது பெரும்பாலும் அதன் சிறிய உறவினனான கொமன் மோமன். வெட்சியும் செவ்வரத்தையும் நட்டால் தேனுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், மகள். ஈஸ்வரமூலி நாட்டு மருந்தில் பேர்பெற்ற கொடி என்றாலும், அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாதிப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் உறுதிப்படுத்தப்பட்ட விடயங்கள். பிள்ளைகள் இலையைக் கசக்கி வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்ட பின்னர் கை கழுவட்டும். தண்டுத் துண்டுகள் வேண்டுமானால் என்னிடம் வந்து பெற்றுக்கொள்ளலாம். பெரிய கணுக்கள் இரண்டு உள்ள துண்டாக வெட்டி, நிழலில் ஈரமணலில் வைத்து, வேர்விட்ட பின்னர் நடவேண்டும்.

கேள்வி கேட்டவரின் பதில்: படுவான்கரை ஆசிரியை

ஐயாவுக்கும் பதில் எழுதிய சகோதரர்கள் எல்லோருக்கும் என் நன்றி. சட்டத்தில் பதித்தது வேண்டாம் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஏற்றுக்கொண்டார். நேற்று வகுப்பில் கரும்பலகையில் 28 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்து, அதன் கீழே மாணவி கொண்டுவந்ததை 13 சென்ரிமீற்றர் அளவில் வரைந்தேன். பின்னர் சிலோன் பேர்ட்விங்கை இரண்டுக்கும் நடுவில் அவளையே வரையச் சொன்னேன். துப்பாக்கியால் சுட்ட கதையைக் கேட்டபோது வகுப்பு முழுவதும் அமைதியாகிவிட்டது.

பாடசாலைக் கிணற்றடியில் வேலி ஒன்று வெறுமையாக இருக்கிறது. ஐயா, சனிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வரலாமா? அந்த மாணவியும் அவளுடைய தாயும் என்னுடன் வருகிறார்கள். புழு ஏதும் இருந்தால் கொடியை அன்று வெட்டவேண்டாம். பார்த்துவிட்டு, அது கூடு கட்டிய பின்னர் இன்னொரு நாள் வருகிறோம்.

பதில் 4, மீண்டும்: களுவாஞ்சிகுடி

தாராளமாக வாருங்கள், மகள். இன்று காலை பார்த்தபோது கொடியின் தென்புறத்தில் ஐந்து புழுக்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு நன்கு பருத்துவிட்டன. வடபுறத்துத் தண்டுகளில் ஒன்றும் இல்லை, அதில் வெட்டித் தருகிறேன். எட்டு மணிக்குள் வந்தால் வெயில் ஏறுமுன் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.